கொல்லைப் பள்ளத்துக் கெண்டைகள்

விடிந்ததும் குஞ்சம்மாளுக்கு முதல் வேலை செத்த மீன் பொறுக்குவது. முகம்கூடக் கழுவ மாட்டாள். குடிசைக்குப் பின்னால் கொல்லையில் வெட்டியிருந்த பள்ளத்தின் கரையில் போய்க் குந்தி, வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்கும் பொடிக்கெண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டாங்கச்சியில் போடுவாள். விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். நேற்று மாலை தவிடு தூவியபோது கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்தவை, இன்றைக்கு இப்படிக் கிடந்தன.

"ஒங்களுக்கு நான் என்னா கொறை வச்சேன்? சொல்லிட்டுச் சாவக் கூடாதா?" என்று கேட்பாள். மீன் என்னத்தைச் சொல்லும்!

பக்கத்து வீட்டு ஆண்டாயி வேலிப் படலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னிக்கும் போச்சா? கீழ எறியாத, இப்புடிக் குடு. கொழம்புக்காவது ஆவும். மனுசனுக்கே கஞ்சி இல்லாத காலத்துல மீனுக்குத் தவுடு போடறா பாரு மவராசி!"

ஆண்டாயிக்கு வாய்தான் அப்படி, மனசு தங்கம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் மனசும் கொஞ்சம் அப்படித்தான்.

குஞ்சம்மாள் கொட்டாங்கச்சியைப் படலுக்கு மேலே நீட்டிவிட்டு, மிச்சமிருந்த மீன்களைப் பார்த்தாள். ஏரியிலிருந்து கொண்டுவந்தபோது பள்ளம் கொள்ளாமல் கருகருவென்று திரிந்தவை, இப்போது பாதிக்கும் கீழே வந்துவிட்டன. இப்படியே போனால் மாசம் முடிவதற்குள் ஒன்றுகூட மிஞ்சாது. போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. இந்த மீன்கள் உயிரோடு இருந்தால்தான் தன் மகள் பஞ்சவர்ணம் கால் ஊன்றி நடப்பாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மீனுக்கும் பிள்ளையின் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அரியலூருக்கு மேற்கே, மருதையாற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது அந்த ஊர். மேலத்தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள். அவர்களுக்குக் கயிறு போட்டு இறைக்கிற கிணறு. கீழே சேரியில் அந்த நிலத்தில் உழைத்தவர்கள். இவர்களுக்குப் படி வழியாக இறங்கி, கணுக்கால் நனைய நின்று குடத்தை முக்கி எடுக்கிற இறங்குகிணறு. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத்தான் வருஷா வருஷம் நரம்புச் சிலந்தி வந்தது. கோடை பிறந்தால் போதும், காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். நெருப்பு வைத்த மாதிரி எரியும். உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் போல ஒரு புழு தலையை நீட்டும். அதை ஓர் ஈர்க்கில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். முழுசாக வெளியே வர வாரக்கணக்காகும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துபோனால் தொலைந்தது, உள்ளேயே சீழ் பிடித்துக்கொள்ளும்.

குஞ்சம்மாளின் புருஷன் சாமிதுரைக்கு அப்படி முழங்காலுக்குள் அறுந்து, கால் மடங்காமல் கட்டையாக நின்றுவிட்டது. ஏர் பிடித்த மனுஷன், இப்போது காலை நீட்டி உட்கார்ந்து கயிறு திரிக்கிறான். மூத்த பிள்ளை ராசாங்கத்துக்கு அறுந்தபோது காலோடு விடவில்லை, ஆளையே கொண்டுபோய்விட்டது. காய்ச்சலில் கிடந்து "தண்ணி, தண்ணி" என்றான் பிள்ளை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அவள் அவன் வாயில் ஊற்றினாள். வேறு தண்ணீருக்கு எங்கே போவாள்?

பஞ்சவர்ணத்துக்கு இப்போதுதான் பால்குடி மறந்திருந்தது. இதுவரை தாய்ப்பாலும் காய்ச்சிய கஞ்சியுமாக வளர்ந்த பிள்ளை, இந்தக் கோடையில் தெருப்பிள்ளைகளோடு ஓட ஆரம்பித்துவிட்டது. தாகம் எடுத்தால் எல்லாப் பிள்ளைகளையும்போலப் படியில் இறங்கி அள்ளிக் குடிக்கும். எத்தனை நேரத்துக்குத்தான் இடுப்பில் கட்டி வைத்துக்கொள்ள முடியும்?

யுத்தம் முடிந்து இரண்டாவது கோடை அது. மாசிக் கடைசியில் சிவசுப்பிரமணியன் என்கிற சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேராகப் பிடித்தார். தூசு மாதிரி ஏதோ அதற்குள் துள்ளியது.

"இந்தப் பூச்சிக்குள்ளதான் சிலந்தியோட குஞ்சு இருக்கு. இதைக் குடிச்சா அடுத்த வருஷம் கால்ல கிளம்பும். புண்ணுக்காரன் தண்ணியில காலை வச்சா, புண்ணுலேருந்து குஞ்சு திரும்பவும் தண்ணிக்குள்ள போயிடும். மேலத்தெருக் கெணத்துல யாரும் எறங்கறதில்ல, அதான் அங்க இந்த நோவு இல்ல" என்றார்.

சாமிதுரை கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கேட்டான். "அப்ப எங்களயும் அந்தக் கெணத்துல எறைக்க விடச் சொல்லுங்களேன் சாமி. இன்னியோட சிலந்தி ஒழிஞ்சிடுமே."

இன்ஸ்பெக்டர் டம்ளர்த் தண்ணீரைக் கீழே ஊற்றினார். "அது என் கையில இல்லப்பா" என்றார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லவில்லை.

துணியை நாலாக மடித்து வடிகட்டிக் குடிக்கச் சொன்னார். ஆண்டாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கட்டிக்கவே ரேஷன்ல துணி இல்லீங்க சாமி. கிழிசலை நாலா மடிச்சாலும் அது கிழிசல்தானுங்களே!"

கடைசியில் வேறொரு வழி சொன்னார். கிணற்றை இறைத்து, தூர் வாரி, சுண்ணாம்பு கொட்டி ஒரு மாசம் அப்படியே போட்டுவிட வேண்டும். அதுவரை ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்துக்கொள்ளட்டும். சுண்ணாம்பு வேகம் தணிந்து, புதுத் தண்ணீர் ஊறியதும் பொடிக்கெண்டைகளை உள்ளே விட்டால், அவை அந்தப் பூச்சிகளைத் தின்றே தீர்த்துவிடும்.

"ஆனா கெண்டை இப்ப ஏரிக் குட்டையிலதான் கெடக்கு. அது இன்னும் கொஞ்ச நாள்ல காஞ்சிடும். இப்பவே புடிச்சு, ஒரு மாசம் யாராச்சும் உசிரோட வச்சிருக்கணும். யாரு வச்சிருக்கீங்க?"

குஞ்சம்மாள் பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "நான் வச்சிருக்கேன் சாமி" என்றாள்.

சொன்னது சுலபம். கொல்லையில் ஆள் படுக்கிற நீளத்துக்குப் பள்ளம் வெட்டி, கரிசல் களிமண்ணை மிதித்துப் பூசி, மேலே பனையோலை வேய்ந்தாள். தண்ணீருக்கு ஆற்றுக்குத்தான் நடக்க வேண்டும். மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்பி, கொதிக்கிற மணலில் கால் பொரியத் திரும்ப வேண்டும். குடிக்கவே பற்றாத தண்ணீரை மீனுக்கு எத்தனை தடவை மாற்ற முடியும்? வற்றுவதற்கு ஈடாக ஒரு குடம் ஊற்றினால் உண்டு. பள்ளத்துத் தண்ணீர் நாலு நாளிலேயே கலங்கி, மூத்திர நாற்றம் நாற ஆரம்பித்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் குடிதண்ணீரைச் சுத்தம் பண்ணுவதற்குத் தரையில் குச்சியால் மூன்று பானைப் படம் போட்டுக் காட்டியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. மனுஷன் குடிக்கிற தண்ணீரைச் சுத்தம் பண்ணுவது மீன் இருக்கிற தண்ணீரைப் பண்ணாதா? மூன்று மூங்கில் நட்டு, பள்ளத்துக்கு மேலே இரண்டு பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வைத்தாள். மேல்பானை நிறைய ஓடையில் பொறுக்கிய சுக்கான்கல், சுண்ணாம்பு சுடுவார்களே அது. கீழ்ப்பானையில் பருமணலும் அடுப்புக்கரியும். இரண்டின் அடியிலும் துளை போட்டுத் தேங்காய் நாரைத் திணித்தாள். மூன்றாவது பானைக்குப் பதில் பள்ளம்தான். பள்ளத்துத் தண்ணீரை மொண்டு மேலே ஊற்றினால், கல்லுக்குள் இறங்கி, மணலுக்குள் இறங்கி, சொட்டுச் சொட்டாகத் திரும்பப் பள்ளத்திலேயே விழும். அதே தண்ணீர்தான், திரும்பத் திரும்ப. அவள் இருக்கிற நேரமெல்லாம் அவள் ஊற்றினாள். அவள் ஆற்றுக்கும் வயலுக்கும் போன நேரத்தில், நீள மூங்கிலில் கட்டிய தகரக் குவளையால் சாமிதுரை நின்றபடியே மொண்டு ஊற்றினான்.

இவ்வளவும் பண்ணினாள். மீன் செத்துக்கொண்டேதான் இருந்தது.

கல்லில்தான் கோளாறு என்று நினைத்தாள். ஊற்ற ஆரம்பித்து ஒரு நாளிலேயே கற்கள்மேல் கொழகொழவென்று ஒரு வழவழப்பு படிந்தது. தொட்டால் கை கூசியது. இந்த அழுக்கு வழியாக இறங்குகிற தண்ணீர் எப்படி நல்ல தண்ணீராக இருக்கும்? தினமும் சாயங்காலம் பானைகளை இறக்கி, கற்களைக் கொட்டி, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாள். ஒவ்வொரு கல்லும் பல் மாதிரி வெளுக்கிற வரைக்கும் விடமாட்டாள். மணலை வெந்நீரில் அலசினாள். அப்படியும் சாகிறது என்றதும் கல்லை வெயிலில் காயப்போட்டு எடுத்தாள். அதற்கு அடுத்த நாள் இன்னும் அதிகமாகச் செத்தது.

அவளைத் தேய்க்க வைத்தது மீன் மட்டும் இல்லை. ராசாங்கம் காய்ச்சலில் கிடந்தபோது, வேலை செய்கிற வீட்டில் கொஞ்சம் விளக்கெண்ணெய் கேட்டுப் போயிருந்தாள். அந்த வீட்டு ரத்தினம்மாள் கொல்லை வாசலில் நின்றபடி, எண்ணெயைத் தூக்கி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அழுக்குச் சனத்துக்குத்தான்டி இந்த நோவெல்லாம் வரும். தேச்சிக் குளிச்சிச் சுத்தமா இருந்தா ஏன் வருது?" பிள்ளை செத்தான். சொல் சாகவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டில் சட்டிபானை கண்ணாடி மாதிரி இருக்கும். சாமிதுரை சாணம் ஒட்டின காலோடு உள்ளே வந்தால் சண்டைதான். இன்ஸ்பெக்டர் காரணத்தை அத்தனை தெளிவாக எடுத்துச் சொல்லியும், அந்தச் சொல் நெஞ்சுக்குள் முள்ளாகத்தான் இருந்தது.

ஏரிக்குத் திரும்பப் போய்ப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் மீன் பிடிக்கலாம் என்று. குட்டை இருந்த இடத்தில் சேறு வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டுத் துழாவினாள். காய்ந்த கருவாடாக ஒன்றிரண்டு அகப்பட்டது. அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இனிமேல் பள்ளத்தில் இருப்பதுதான் மீன். அதுவும் போனால் கிணறு திறக்கும், பூச்சி வரும், பஞ்சவர்ணம் அள்ளிக் குடிக்கும்.

"மாரியாத்தா, ஒரு புள்ளய வாங்கிட்டியே, ஒனக்கு இன்னும் பத்தலியா?" என்று வாய்விட்டே கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குத் திரும்பி நடக்கும்போதுதான் வலது கணுக்காலுக்கு மேலே எரிச்சல் தெரிந்தது. முள் குத்தியிருக்கும் என்று நினைத்தாள். நினைத்தாள் என்ன, அப்படி இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே நடந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். போன வருஷம் குடித்த தண்ணீர் இந்த வருஷம் கணக்குத் தீர்க்க வந்துவிட்டது.

மறுநாள் கொப்புளம் உடைந்தது. அதற்கடுத்து அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. தொடை வரைக்கும் வீங்கி, குளிர்க் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. சாமிதுரை புழுவின் தலையை ஈர்க்கில் சுற்றிக் காலோடு வைத்துக் கட்டினான். மகனுக்கும் அவன்தான் சுற்றியவன். இந்தத் தடவை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு சுற்றினான்.

"மாமா, என் காலப் பாக்காத. மீனப் பாரு" என்றாள் அவள்.

"பாக்கறேன்."

"கல்லுத் தேய்க்கணும். தெனம் தேய்க்கணும்."

"தேய்க்கறேன்டி. நீ படு."

வலி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். கொள்ளிக்கட்டையைக் காலுக்குள் சொருகின மாதிரி. அந்தக் காலைத் தண்ணீருக்குள் விட்டால் எரிச்சல் சட்டென்று அடங்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் எல்லாரும் கிணற்றுப் படிக்கு ஓடினார்கள், அதனால்தான் குஞ்சு தண்ணீருக்குள் போனது. குஞ்சம்மாள் பாயிலேயே கிடந்து பல்லைக் கடித்தாள். பஞ்சவர்ணம் வந்து காலைத் தொட்டுவிட்டு, "அம்மாவுக்கு நூலு" என்றது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலையில் கண் விழித்ததும், "எத்தினி செத்துது?" என்று கேட்பாள்.

முதலில், "கொஞ்சம் போயிடுச்சி" என்றான் சாமிதுரை. பிறகு, "ஒண்ணு ரெண்டு" என்றான். அதற்கும் பிறகு, "இன்னிக்கு ஒண்ணும் சாவல" என்று சொல்ல ஆரம்பித்தான். அவள் நம்பவில்லை. நோயாளியிடம் யார்தான் உண்மை பேசுகிறார்கள்? ராசாங்கத்திடம் அவளே, "நாளைக்கு எந்திரிச்சிடுவடா கண்ணு" என்று சொன்னவள்தானே.

"கல்லுத் தேச்சியா?"

"தேச்சேன்."

"சாம்பல் போட்டா?"

"சாம்பல் போட்டுத்தான்."

தண்ணீர் மொள்கிற சத்தம் காதில் விழுந்தது, சொட்டுகிற சத்தம் விழுந்தது. கல்லோடு கல் உரசுகிற சத்தம் மட்டும் ஒரு நாளும் விழவில்லை. காய்ச்சல் விட்ட பிற்பகல் ஒன்றில் அவளுக்கு அது உறைத்தது. சாமிதுரை கயிறு கொடுத்துவிட்டு வர மேலத்தெருவுக்குப் போயிருந்தான். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, கையை ஊன்றி ஊன்றிக் கொல்லைக்கு நகர்ந்தாள். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மூங்கிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து மேல்பானைக்குள் கையை விட்டாள். கை வழுக்கியது. ஒரு கல்லை எடுத்துப் பார்த்தாள். பழுப்பு நிறத்தில், தடித்து, சளி மாதிரி ஒரு பூச்சு. ஒரு நாள் அழுக்கா அது? அவள் படுத்த நாளிலிருந்து சேர்ந்த அழுக்கு. கல்லைத் தேய்க்கவே இல்லை பாவி!

பள்ளத்தை அவள் பார்க்கக்கூட இல்லை. இரண்டு கையாலும் கல்லை வாரி வெளியே வீசினாள். சாமிதுரை கொல்லைக்குள் நுழைந்தது அந்த நேரம்தான்.

"ஏய்! ஏய், தொடாத!"

"தேச்சேன் தேச்சேன்னு பொய்யி! ஒரு புள்ளய மண்ணுல வச்சது பத்தாதா மாமா? இவளயும் வைக்கணுமா? நான் பாயில கெடக்கறேன்னுதானே ஏமாத்துன? அழுக்குச் சனம்னு சொன்னாளே அவ, சரியாத்தான் சொன்னா! நாமதான் அழுக்கு, நீதான் அழுக்கு!"

சாமிதுரையால் குந்த முடியாது, குனிய முடியாது. கட்டைக்காலோடு அப்படியே சரிந்து விழுந்து, அவள் வீசிய கற்களை மார்போடு வாரி அணைத்துக்கொண்டான்.

"பொய்தான்டி. கல்லு நெறஞ்ச பானய எறக்க என் காலு மடங்கல. எறக்குனா போட்டு ஒடச்சிருவேன். அக்கம்பக்கத்துல கேக்க வெக்கமா இருந்துது. ஒங்கிட்டச் சொன்னா நீ எந்திரிச்சி வந்துடுவ, சிலந்தி அந்துபோவும். அதான் பொய் சொன்னேன். ஆனா சாவலன்னு சொன்னது பொய் இல்லடி. தேய்க்காம வுட்டதுலேருந்துதான் சாவல. பாரு, பள்ளத்தப் பாரேன்!"

அவள் பார்த்தாள்.

தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் கிடந்த பனங்கொட்டை தெரிந்தது. கெண்டைகள் பள்ளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் படுத்தபோது எத்தனை மிஞ்சியிருந்ததோ, கிட்டத்தட்ட அத்தனையும் இருந்தன. குனிந்து முகர்ந்தாள். மூத்திர நாற்றம் இல்லை. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டும்போது வருமே ஒரு வாசம், அதுதான் வந்தது.

"எப்புடி மாமா?" என்றாள்.

"எனக்கு என்னா தெரியும்? அந்த வழவழப்புல என்னமோ இருக்கு. அது வளர வளரத் தண்ணி நல்லாவுது. நீ அத தெனம் கொன்னுகிட்டு இருந்த போலருக்கு."

இதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. முதலில் வந்தது ஆத்திரம். தினமும் சாயங்காலம் உட்கார்ந்து, கை தோல் உரிய, நகம் தேய, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தது எல்லாம் மீனைக் கொல்லத்தானா? அவள் கால் விழுந்ததால்தான் மீன் பிழைத்ததா? இது என்ன நியாயம்? அப்புறம் அழுகை வந்தது. சாமிதுரை கீழே கிடந்தபடி ஒவ்வொரு கல்லாக நீட்டினான். அவள் ஒவ்வொன்றாக வாங்கி, படிந்திருந்த பூச்சு கலையாமல் விரல் நுனியால் பிடித்துப் பானைக்குள் அடுக்கினாள். மண் ஒட்டியதை மட்டும் பள்ளத்துத் தண்ணீரில் நனைத்து எடுத்தாள். தேய்க்கவில்லை. தேய்க்கத் துறுதுறுத்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

அந்த ராத்திரி இரண்டு பேரும் தூங்கவில்லை. வீசியதில் எவ்வளவு பூச்சு போனதோ, அதனால் இன்னும் எத்தனை மீன் போகுமோ என்று பயம். விடிந்ததும் ஒரு மூன்று மிதந்தன. மறுநாள் ஒன்று. பிறகு நின்றுவிட்டது.

கிணறு திறக்கிற நாள் வந்தது. இன்ஸ்பெக்டர் தண்ணீரை மொண்டு பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினார். தெரு முழுக்கப் படிக்குமேல் கூடி நின்றது. சாமிதுரை கெண்டைகளை வாயகன்ற பானையில் பள்ளத்துத் தண்ணீரோடு எடுத்து வந்திருந்தான். குஞ்சம்மாள் ஒரு கழியை ஊன்றி, பஞ்சவர்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். சிலந்தி இன்னும் முழுசாக வெளியே வரவில்லை. ஈர்க்கு காலோடு கட்டியபடியே இருந்தது.

"ஒங்கையாலயே எறக்கி வுடும்மா. நீதான் காப்பாத்துன" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு அவருடைய கண் கட்டுப்போட்ட காலுக்குப் போனது.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். சுண்ணாம்பு போட்டுத் தெளிந்த புதுத் தண்ணீர், நாலு படிக்குக் கீழே, பச்சையாக, குளுகுளுவென்று. கால் கொதித்தது. ஒரே ஒரு படி இறங்கி அந்தக் காலை உள்ளே விட்டால் எத்தனை சுகமாக இருக்கும்! தன் கையால் மீனை விட வேண்டும் என்கிற ஆசை வேறு. ஒரு மாசமாக இதற்காகத்தானே செத்துப் பிழைத்தாள்.

மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் காலு அந்தத் தண்ணியில படக் கூடாது" என்றாள்.

ஆண்டாயி முன்னால் வந்தாள். "எங்கிட்டக் குடு, நான் வுடறேன்."

"நீ கொழம்பு வச்சிருவ. தள்ளு."

கூட்டம் சிரித்தது. ஆண்டாயியும் சிரித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமிதுரை பானையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். கட்டைக்காலை நேரே நீட்டியபடி, பிட்டத்தால் ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினான். ஒவ்வொரு படிக்கும் பானைத் தண்ணீர் தளும்பியது. கடைசிப் படியில் பானையைச் சாய்த்தான். கெண்டைகள் வாய்விளிம்பில் கொஞ்சம் தயங்கி நின்றன. அப்புறம் ஒன்று போனது. அதன் பின்னால் எல்லாம் போய்விட்டன.

"காணலடி, ஒண்ணையும் காணல. உள்ள போயிடுச்சி" என்று கீழேயிருந்து கத்தினான்.

அப்பன் குரல் கேட்டதும் பஞ்சவர்ணம் தாயின் கையை உதறிக்கொண்டு படியில் இறங்கி ஓடியது. ஓடின வேகத்தில் தண்ணீருக்குள்ளேயே நின்று, இரண்டு கையையும் குவித்து அள்ளியது.

குஞ்சம்மாள் "குடிக்காத!" என்று அலறப் பார்த்தாள். மீன் இப்போதுதான் உள்ளே போயிருக்கிறது. அது தின்னுமோ தின்னாதோ, பூச்சி இருக்குமோ இருக்காதோ, அடுத்த சித்திரையில் அந்தப் பிள்ளையின் காலைப் பார்த்தால்தான் தெரியும். அதுவரைக்கும் ஒரு வருஷம். ஆனால் இன்றைக்குக் குடிக்காதே என்றால் நாளைக்கு எதைக் குடிக்கச் சொல்வாள்? இந்தக் கிணற்றை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு எந்தக் கிணறு இருக்கிறது?

முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை குடித்துவிட்டு மேலே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. பிறகு குனிந்து இன்னொரு கை அள்ளிக் குடித்தது.